கோன்யாக் மதுவின் வயதுத் தரங்கள்: வணிகக் குறியிலிருந்து சட்டக் கணக்கு வரை – சுருட்டுடன் இணைக்கும் மரபை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில் வடிக்கப்படும் கோன்யாக் என்னும் திராட்சைப் பிராந்தி, வி.எஸ்., வி.எஸ்.ஓ.பி., எக்ஸ்.ஓ. ஆகிய எழுத்துக் குறிகளால் தரம் பிரிக்கப்படுகிறது. இக்குறிகள் சுவையின் அளவுகோல்கள் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. கோன்யாக்கையும் சுருட்டையும் இணைத்து நுகரும் மரபும் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. ஆனால் இக்குறிகள் 19ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் தந்த வாக்குறுதிகளாகத் தோன்றி, 20ஆம் நூற்றாண்டில் அரசின் மேற்பார்வைக்கு உட்பட்ட காலக் கணக்காக மாறியவை. அம்மாற்றத்தின் படிநிலைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. வயதுத் தரம் என்பது சுவையைப் பற்றிய விவரணையன்று, காலத்தைப் பற்றிய உத்தரவாதமே என்பதை நிறுவுவது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: கோன்யாக், பிராந்தி, வயதுத் தரம், பீப்பாய் முதிர்ச்சி, சுருட்டு, புவிசார் பெயர்க் காப்பு.

1. முன்னுரை

ஒரு பொருளின் வயதைக் கண்ணால் கண்டறிய இயலாதபோது, வாங்குபவர் விற்பவரின் சொல்லை நம்ப வேண்டியவராகிறார். நெல், துணி, பொன் ஆகியவற்றின் தரத்தைத் தொட்டும் உரசியும் அறியலாம். பீப்பாயில் பத்தாண்டு கிடந்த மதுவையும், இரண்டாண்டே கிடந்து கருஞ்சர்க்கரைப் பாகினால் நிறமூட்டப்பட்ட மதுவையும் புட்டியின் வெளியிலிருந்து வேறுபடுத்த இயலாது. அந்நம்பிக்கையை நிறுவும் பொறுப்பு முதலில் வணிகரிடமும், பின்னர் அரசிடமும் சென்றது. கோன்யாக்கின் வயதுத் தரங்களின் வரலாறு அடிப்படையில் இந்தக் கைமாற்றத்தின் வரலாறே ஆகும்.

2. வடிமதுவும் கடல் வணிகமும்

ஷரான்த் ஆற்றின் கரையில் அமைந்த சிற்றூர் கோன்யாக். இடைக்காலத்திலேயே இப்பகுதி உப்பு வணிகத்தால் அறியப்பட்டிருந்தது. உப்புக்காக வந்த வடபுலக் கப்பல்கள் இங்கு விளைந்த திராட்சை மதுவையும் ஏற்றிச் சென்றன. செறிவு குறைந்த அம்மது நீண்ட கடற்பயணத்தைத் தாங்கவில்லை. ஆகவே டச்சு வணிகர்கள் அதனைக் காய்ச்சி வடித்துப் பயன்படுத்தினர். வடிமதுவை அவர்கள் 'பிரான்டவைன்' என்றனர்; 'எரித்த மது' என்பது அதன் பொருள். ஆங்கிலத்தின் 'பிராண்டி' இச்சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் வழங்கும் 'பிராந்தி' அதன் வழிவந்த வடிவமாகும்.

17ஆம் நூற்றாண்டில் ஷரான்த் பகுதியில் இருமுறை வடிக்கும் முறை நிலைபெற்றது. ஏறத்தாழ 9 விழுக்காடு ஆல்ககால் கொண்ட புளிப்பு மிக்க மதுவைச் செம்புக் கலத்தில் முதன்முறை காய்ச்சினால், ஏறத்தாழ 30 விழுக்காடு கொண்ட கலங்கலான நீர்மம் கிடைக்கிறது. அதனை மீண்டும் காய்ச்சும்போது முதலில் வரும் 'தலை'ப் பகுதியும் இறுதியில் வரும் 'வால்' பகுதியும் பிரிக்கப்படுகின்றன. இடையில் வரும் 'இதயம்' மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதன் செறிவு ஏறத்தாழ 70 முதல் 72 விழுக்காடு வரை இருக்கும். ஒரு லிட்டர் வடிமதுவுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் மது தேவைப்படுகிறது. இவ்விளம் வடிமது பளிங்கு போல நிறமற்றது. கோன்யாக்கின் பொன்னிறமும் மணத்தின் பெரும்பகுதியும் ஓக் மரப் பீப்பாயில் கழியும் காலத்தால் வருபவை.

கப்பலுக்காகக் காத்திருந்தும் கப்பலில் கிடந்தும் பீப்பாயில் காலம் கழித்த வடிமது மென்மை பெறுவதை வணிகர்கள் கண்டனர். இவ்வாறு முதிர்ச்சி என்பது வணிகத்தின் தற்செயல் விளைவாகத் தோன்றிப் பின்னர் அதன் மூலதனமாயிற்று.

3. வாங்குபவரின் மொழியில் தோன்றிய தரக்குறிகள்

பிரெஞ்சு மண்ணில் விளைந்த பொருளின் தரக்குறிகள் ஆங்கில மொழியில் அமைந்திருப்பது கவனத்திற்குரியது. இதற்கான காரணத்தை வணிக இல்லங்களின் தோற்றத்தில் காணலாம். 1715இல் மார்டெல் இல்லத்தை நிறுவிய ழான் மார்டெல், ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவினர். 1765இல் ஹென்னெஸி இல்லத்தை நிறுவிய ரிச்சர்ட் ஹென்னெஸி அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து வந்தவர். ஹைன் இல்லத்திற்குப் பெயர் தந்த தாமஸ் ஹைன் இங்கிலாந்தின் டோர்செட் பகுதியினர். விளைவிப்போர் பிரெஞ்சுக்காரராக இருக்க, சரக்கின் முதன்மைச் சந்தையாக இலண்டன் விளங்கியது. எனவே சரக்கேட்டின் மொழியும் ஆங்கிலமாயிற்று.

பின்னாளில் ஜார்ஜ் IV என முடிசூடிய இளவரசர், 1817இல் மிக உயர்ந்த, பழைய, வெளிர்நிறக் கோன்யாக் வேண்டுமென ஹென்னெஸி இல்லத்தைக் கேட்டார் என அவ்வில்லத்தின் வரலாறு கூறுகிறது. 'வெரி சுப்பீரியர் ஓல்ட் பேல்' என்ற அத்தொடரின் முதலெழுத்துகளே வி.எஸ்.ஓ.பி. ஆகும். இத்தொடரில் 'வெளிர்நிறம்' என்னும் சொல் சிறப்பாக நோக்கத்தக்கது. அக்காலத்து இங்கிலாந்தில் கருஞ்சர்க்கரைப் பாகு சேர்த்து அடர்பழுப்பாக்கிய பிராந்தி பரவலாக விற்கப்பட்டது. வெளிர்நிறம் கேட்டவர் நிறமூட்டாத சரக்கைக் கேட்டார் என்பதே இதன் பொருள். ஆகவே இக்குறி தோன்றும்போதே கலப்படத்தைப் பற்றிய ஐயத்திற்கு விடையாகவே தோன்றியது எனலாம்.

1865இல் ஹென்னெஸி இல்லம் விண்மீன் குறிகளால் தரம் காட்டும் முறையைத் தொடங்கியது. 1870இல் அவ்வில்லம் எக்ஸ்.ஓ. எனும் குறியைப் பயன்படுத்தியது. 'எக்ஸ்ட்ரா ஓல்ட்' அதாவது மிகப் பழையது என்பது அதன் விரிவு. 1860இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை சுங்கவரியைக் குறைத்ததால் ஏற்றுமதி பெருகிய காலம் அது. பீப்பாயில் விற்ற சரக்கு புட்டியில் விற்கப்படத் தொடங்கியதும் சீட்டு ஒட்டும் இடம் கிடைத்தது. எனினும் இக்குறிகள் அனைத்தும் தனி இல்லங்களின் சொந்த வழக்குகளாகவே இருந்தன. ஓர் இல்லத்தின் மூன்று விண்மீனும் மற்றோர் இல்லத்தின் மூன்று விண்மீனும் ஒரே வயதைக் குறித்தன என்பதற்கு எந்தப் பிணையும் இல்லை.

4. ஃபிலாக்சிரா அழிவும் இடத்தின் சட்டமும்

1870களில் ஷரான்த் பகுதியைத் தாக்கிய ஃபிலாக்சிரா என்னும் வேர்ப்பூச்சி இவ்வணிகத்தின் அடித்தளத்தையே தகர்த்தது. அதற்கு முன் ஏறத்தாழ 2,80,000 ஹெக்டேராக இருந்த திராட்சைத் தோட்டப் பரப்பு 1893இல் ஏறத்தாழ 42,000 ஹெக்டேராகச் சுருங்கியது. அமெரிக்கக் கொடிகளின் வேர்ப்பகுதியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே நிலையான தீர்வாக அமைந்தது. ஆனால் ஷரான்தின் சுண்ணாம்பு மண்ணில் பல அமெரிக்க வேர்கள் தழைக்கவில்லை. ஆகவே 1887இல் பியர் வியாலா என்னும் அறிஞர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். டெக்சாஸ் மாநிலத்து டெனிசன் நகரின் தாவரவியலர் தாமஸ் மன்சன், அங்குள்ள சுண்ணாம்பு நிலத்துக் காட்டுக்கொடிகளை அவருக்குப் பரிந்துரைத்தார். மறுநடவில் பழைய ஃபோல் பிளாஞ்ச் வகையின் இடத்தை யூனி பிளாங் வகை படிப்படியாகப் பிடித்தது.

தோட்டங்கள் அழிந்திருந்தபோது கோன்யாக் என்ற பெயருக்கான தேவை அழியவில்லை. தானியத்திலிருந்தும் கிழங்கிலிருந்தும் பெற்ற ஆல்ககால் அப்பெயரில் விற்கப்பட்டது. இதனை எதிர்கொள்ளவே சட்டம் வந்தது. 1905இல் பிரான்சு கலப்படத் தடைச் சட்டத்தை இயற்றியது. 1909 மே 1ஆம் நாள் ஆணை கோன்யாக் என்னும் பெயருக்குரிய நிலப்பரப்பை வரையறுத்தது. 1936இல் தோற்றப் பெயர்க் காப்பு வழங்கப்பட்டது. 1938இல் கிராண்ட் ஷாம்பாஞ், பெத்தித் ஷாம்பாஞ், போர்தரி, ஃபான் புவா, போன் புவா, புவா ஓர்தினேர் என்னும் ஆறு உட்பகுதிகள் வரையறுக்கப்பட்டன. இப்பிரிவுக்கு ஆன்ரி கோகான் என்னும் நிலவியலர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்த மண் ஆய்வு அடிப்படையாயிற்று. இங்குள்ள 'ஷாம்பாஞ்' என்பது நுரைமதுவைக் குறிப்பதன்று. திறந்த வெளிநிலத்தைக் குறிக்கும் பழைய சொல்லாகும்.

சட்டம் முதலில் காத்தது இடத்தையே அன்றிக் காலத்தையன்று என்பது இங்கு எழும் முதன்மைச் செய்தி. நிலத்திற்கு எல்லைக்கல் நடலாம். காலத்திற்கு நட இயலாது. காலத்தைக் காப்பதற்குப் பதிவேடும் அதனை நாள்தோறும் சரிபார்க்கும் அமைப்பும் தேவைப்பட்டன.

5. காலத்தின் கணக்கேடு

இரண்டாம் உலகப்போரின்போது செருமானிய ஆக்கிரமிப்பின் கீழ்ப் பழைய இருப்புகளைக் காக்க ஒரு பங்கீட்டு அமைப்பு உருவாக்கப்பட்டது. போருக்குப்பின் 1946இல் அதன் இடத்தில் கோன்யாக் தேசியத் தொழில்சார் கழகம் அமைந்தது. விளைவிப்போரும் வணிகரும் சம உறுப்பினராக உள்ள இக்கழகமே பீப்பாய்களின் வயதைக் கணக்கில் வைக்கும் பொறுப்பை ஏற்றது. 1983இல் அரசு ஆணையரின் முடிவு ஒன்று எந்தச் சொல்லை எந்த வயதுக்குப் பயன்படுத்தலாம் என ஒழுங்குபடுத்தியது.

இம்முறையில் வயது 'கோம்த்' அதாவது 'கணக்கு' என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஓர் அறுவடையின் மதுவை மார்ச் 31ஆம் நாளுக்குள் வடித்து முடித்தல் வேண்டும். அதுவரை அச்சரக்கு இரட்டைச் சுழியக் கணக்கில் நிற்கும். ஏப்ரல் 1 முதல் சுழியக் கணக்கு தொடங்கும். அதன்பின் ஒவ்வோர் ஏப்ரல் 1ஆம் நாளும் கணக்கு ஒன்று கூடும். எடுத்துக்காட்டாக, 2020 இலையுதிர்கால அறுவடையின் வடிமதுவை எடுத்துக்கொள்ளலாம். அது 2021 ஏப்ரல் 1இல் சுழியக் கணக்கை அடைகிறது. 2023 ஏப்ரல் 1இல் கணக்கு 2ஐ எட்டி வி.எஸ். அல்லது மூன்று விண்மீன் தரத்திற்குத் தகுதி பெறுகிறது. 2025இல் கணக்கு 4 வி.எஸ்.ஓ.பி. தரத்திற்கும், 2027இல் கணக்கு 6 நெப்போலியன் தரத்திற்கும், 2031இல் கணக்கு 10 எக்ஸ்.ஓ. தரத்திற்கும், 2035இல் கணக்கு 14 எக்ஸ்.எக்ஸ்.ஓ. தரத்திற்கும் உரியவை.

இக்கணக்கைப் புரிந்துகொள்ள மூன்று விதிகள் இன்றியமையாதவை. முதலாவது, கோன்யாக் பெரும்பாலும் பல வயதுச் சரக்குகளின் கலவை. தரக்குறி அக்கலவையில் மிக இளையதன் வயதை மட்டுமே சுட்டும். கலவையில் நாற்பதாண்டுச் சரக்கு இருந்தாலும் நான்காண்டுச் சரக்கு ஒரு துளி கலந்தால் அது வி.எஸ்.ஓ.பி. தரத்தைக் கடக்க இயலாது. இரண்டாவது, ஓக் பீப்பாயில் கழிந்த காலமே வயது. கண்ணாடிக்குள் சென்றபின் முதிர்ச்சி நின்றுவிடுகிறது. 1950இல் புட்டியில் அடைக்கப்பட்ட வி.எஸ். இன்றும் வி.எஸ்.தான். இக்காரணத்தாலேயே மிகப் பழைய சரக்குகளைக் கலவை வல்லுநர்கள் பெரிய கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றி, 'பரதீ' அதாவது 'சொர்க்கம்' எனப்படும் அறையில் பேணுகின்றனர். மூன்றாவது, இவை அனைத்தும் குறைந்த அளவுகளே. உச்ச அளவுகள் அல்ல.

பீப்பாய்க்குள் காலம் செய்யும் பணிக்கு ஒரு விலையும் உண்டு. ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 விழுக்காடு சரக்கு மரத்தின் துளைகள் வழியே ஆவியாகிறது. 'தேவதைகளின் பங்கு' என வழங்கப்படும் இவ்விழப்பை உண்டு வளரும் கரும்பூஞ்சை, கோன்யாக் நகரின் கிடங்குச் சுவர்களையும் கூரைகளையும் கறுப்பாக்கியுள்ளது. எனவே வயதை உயர்த்துவது என்பது சரக்கை இழப்பதும், மூலதனத்தைப் பல்லாண்டு முடக்குவதும் ஆகும். வயதைப் பொய்யாகச் சொல்லும் ஆசை பிறப்பதும், கணக்கேடு தேவைப்படுவதும் இதனாலேயே. நிறத்திற்கான கருஞ்சர்க்கரைப் பாகும் சிறிதளவு சர்க்கரையும் ஓக் சாறும் சேர்ப்பதை இன்றைய விதிகளும் அனுமதிக்கின்றன. ஆகவே நிறத்தைக் கொண்டு வயதைக் கணிப்பது இன்றும் பிழையானதே.

6. சுருட்டுடன் இணைக்கும் மரபு

ஐரோப்பியச் சீமான்களின் இரவு விருந்துக்குப்பின் கோன்யாக்கும் சுருட்டும் ஒருங்கே இடம்பெற்றது 19ஆம் நூற்றாண்டின் வழக்கமாகும். 1808 முதல் 1814 வரை ஐபீரியத் தீபகற்பத்தில் போரிட்டுத் திரும்பிய பிரிட்டானியப் படையினர் சுருட்டுப் பழக்கத்தை நாட்டில் பரப்பினர். வி.எஸ்.ஓ.பி. குறி தோன்றியதாகச் சொல்லப்படும் 1817ஆம் ஆண்டும் இதே காலத்தைச் சேர்ந்தது. இரு பொருள்களையும் வாங்கியவர்கள் ஒரே வகுப்பினர். நுகர்ந்த இடமும் ஆடவர் மன்றங்களின் புகையறைகளே. ஆகவே சுவைப் பொருத்தத்திற்கு முன்பாகச் சமூகப் பொருத்தமே இவ்விணைப்பை உருவாக்கியது எனக் கருத இடமுண்டு.

இவ்வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. ஆங்கிலத்தில் 'செரூட்' எனப்படும் சொல் தமிழின் 'சுருட்டு' என்பதிலிருந்து பிறந்ததாகும். திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல் வட்டாரச் சுருட்டுகள் பிரிட்டானியப் பேரரசு எங்கும் அறியப்பட்டிருந்தன. 1887இல் வெளிவந்த ஆர்தர் கோனன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில், துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என அடையாளம் காண்கிறார். வாசகர் அப்பெயரை விளக்கமின்றி அறிவர் என்பதையே இது காட்டுகிறது.

இன்றைய இணைப்பு வழிகாட்டிகள் 'செறிவுக்குச் செறிவு' என்னும் கொள்கையைப் பின்பற்றுகின்றன. இளங்கோன்யாக்கில் பூ, பழ மணங்கள் மேலோங்கும்; அதனுடன் மென்மையான சுருட்டு இணைக்கப்படுகிறது. நடுத்தர வயதில் ஓக்கின் லிக்னின் சிதைந்து உருவாகும் வனிலா மணமும் மசாலா மணமும் தோன்றும். அதற்கு நடுத்தரச் செறிவுடைய சுருட்டு ஏற்றது. பத்தாண்டை ஒட்டி 'ரான்சியோ' எனப்படும் பண்பு மெல்ல வெளிப்படும். வாதுமைக் கொட்டை, காளான், ஈரக் காட்டுமண் ஆகியவற்றை நினைவூட்டும் இம்மணம், புகையிலைச் செடியின் உச்சியில் வெயிலை மிகுதியாகப் பெற்று வளரும் 'லிகேரோ' இலை மிகுந்த செறிவான சுருட்டுக்கு ஈடுகொடுக்கிறது. பீப்பாயில் மரமும் காற்றும் ஆற்றும் பணியைப் புகையிலையில் நொதித்தலும் இருப்புக் காலமும் ஆற்றுகின்றன. அம்மோனியா வெளியேறி இலை மென்மையடைவது இக்காலத்திலேயே ஆகும்.

இக்கொள்கை முழுவதும் வயதைச் சார்ந்திருப்பதால், தரக்குறி தவறினால் இணைப்பும் தவறுகிறது. 2018 வரை எக்ஸ்.ஓ. தரத்திற்குச் சட்டம் கோரியது கணக்கு 6 மட்டுமே. பெயர் பெற்ற இல்லங்களின் எக்ஸ்.ஓ. கலவைகள் நடைமுறையில் அதனினும் முதியவையாக இருந்தன. எனினும் ஆறாண்டுச் சரக்கும் அதே பெயரைச் சூடச் சட்டத்தில் இடமிருந்தது. அதாவது ரான்சியோவை எதிர்பார்த்துச் செறிவான சுருட்டைப் பற்றவைத்தவருக்கு அதனைப் பெறும் உரிமை சட்டப்படி இல்லை. 2018 ஏப்ரல் 1 முதல் அக்குறிக்குக் கணக்கு 10 கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டில் எக்ஸ்.எக்ஸ்.ஓ. தரமும் ஏற்கப்பட்டது. குறியின் சட்டப் பொருளும் நுகர்வோர் எதிர்பார்ப்பும் நெருங்கிவந்தது இச்சீர்திருத்தத்தின் உண்மையான பயன் எனலாம்.

சுருட்டின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கியூபச் சுருட்டுப் பெட்டிகளுக்கு 1889இல் உத்தரவாத முத்திரை அறிமுகமானது. அதுவும் உறுதிப்படுத்தியது விளைந்த இடத்தையே, இலையின் வயதையன்று. கோன்யாக்கின் கோம்த் முறைக்கு நிகராக இலையின் முதிர்ச்சியைப் படிப்படியாகத் தரம் பிரிக்கும் பொதுவான சட்டக் கணக்கு சுருட்டுக்கு இல்லை. இணையின் ஒரு பாதி பதிவேட்டாலும் மறு பாதி செய்பவரின் சொல்லாலும் நிற்கின்றன.

7. குறியின் எல்லைகள்

வயதுத் தரம் எதனைச் சொல்லவில்லை என்பதையும் வரையறுத்தல் வேண்டும். அது மண்ணைச் சொல்லாது. சுண்ணாம்பு மிகுந்த கிராண்ட் ஷாம்பாஞ்சின் வடிமது மெதுவாக முதிர்ந்து நீண்டகாலம் பேணத்தக்கது. ஃபான் புவாவின் வடிமது விரைவில் முதிர்வது. ஒரே கணக்கில் உள்ள இவ்விரண்டும் ஒரே முதிர்ச்சியுடையவை அல்ல. பீப்பாய் புதியதா பழையதா, கிடங்கு ஈரமானதா உலர்ந்ததா என்பதையும் அக்குறி சொல்லாது. கழிந்த காலத்தைச் சொல்வதே அதன் பணி. காலம் என்ன செய்தது என்பதைச் சொல்வது அன்று.

எழுத்துக் குறியின் வலிமை அதன் பின்னுள்ள பதிவேட்டின் வலிமையே என்பதற்குத் தமிழ்நாட்டுச் சந்தை தெளிவான சான்றாகிறது. இந்தியாவில் விற்கப்படும் சில பிராந்திகளின் சீட்டிலும் வி.எஸ்.ஓ.பி., எக்ஸ்.ஓ. எழுத்துகள் காணப்படுகின்றன. இந்தியப் பிராந்தி வகைகள் பலவற்றின் அடிப்படை, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஆல்ககாலாகும். அங்கு அவ்வெழுத்துகள் கோன்யாக்கின் கணக்கைக் குறிப்பதில்லை. எழுத்துகள் ஒன்றே, அவற்றைத் தாங்கும் கணக்கேடு இல்லை. 1865க்கும் 20ஆம் நூற்றாண்டின் சட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கோன்யாக்கின் விண்மீன்கள் இருந்த நிலையும் ஏறத்தாழ இதுவேயாகும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு: கோன்யாக்கின் வயதுத் தரக்குறிகள் விளைநிலத்தில் அன்றி வாங்குபவரின் மொழியிலும் சந்தையிலும் தோன்றின. கலப்படத்தைப் பற்றிய ஐயமே அவற்றின் பிறப்பிடம். சட்டம் முதலில் இடத்தையும், நெடுங்காலம் கழித்தே வயதையும் காத்தது. ஏனெனில் காலத்தைக் காக்க இடையறாத கணக்கேடு தேவை. சுருட்டுடன் இணைக்கும் மரபு சமூகப் பழக்கமாகத் தோன்றிச் சுவைக் கொள்கையாக வளர்ந்தபோது, அக்கணக்கேட்டின் நம்பகத்தன்மையைச் சார்ந்து நின்றது. 2018ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அச்சார்பைச் சட்டத்தால் ஓரளவு நிறைவு செய்தது.

தரக்குறியைச் சுவையின் படிக்கட்டாகக் காண்பதைவிட, ஏப்ரல் முதல் நாள்தோறும் ஒரு கோடு கூடும் பேரேட்டின் சுருக்கமாகக் காண்பதே வரலாற்று அடிப்படையில் பொருத்தமானது. இடத்திற்குப் பெயர்க் காப்பு பெற்றுள்ள பிற விளைபொருள்களின் ஆய்வுக்கும் இப்பார்வை பயன்படும். இடத்தைச் சான்றளிக்கும் முத்திரை காலத்தையும் செய்முறையையும் சான்றளிக்கிறதா என்னும் வினாவை அப்பொருள்கள் ஒவ்வொன்றின்மீதும் எழுப்புதல் வேண்டும்.